வாசனை டப்பாவை எடுத்துவிட்டு அடிப்பலகையைத் தூக்குங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், தன் படகுக்குள் வீசும் நாற்றத்தைப் போக்க வழி கேட்டிருந்த வாசகருக்கு உங்கள் குறிப்புப் பகுதியில் பதில் வந்திருந்தது. எலுமிச்சை வாசனைத் தெளிப்பான், ஒரு கிண்ணத்தில் காபித்தூள், மூலைக்கு மூலை சமையல் சோடா என்று மூன்று யோசனைகள். சோடாவைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. மூடிய அலமாரிக்குள் ஓரளவு வேலை செய்யும். மற்ற இரண்டையும் படித்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் பயமும் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 26 வருடம் படகு என்ஜின் பழுதுபார்த்தவன். படகுக்காரர் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்ப்பார். நான் குப்புறப் படுத்து அதன் அடிவயிற்றைப் பார்ப்பேன். 'பில்ஜ்' என்று சொல்வோமே, அடிப்பலகைக்குக் கீழே தண்ணீர் சேரும் பள்ளம், அதுதான் என் அலுவலகம். நாற்றத்தில் பாதிக்குமேல் பிறப்பது அங்கேதான்.

ஒருவர் தன் படகில் மூன்று வாசனை டப்பா தொங்கவிட்டிருந்தார். மல்லிகை ஒன்று, ரோஜா ஒன்று, இன்னொன்று என்னவென்றே தெரியவில்லை. உள்ளே போனால் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் சாக்கடை ஓடுகிற மாதிரி இருந்தது. "பம்பு தினமும் ஓடுது, உள்ளே சொட்டுத் தண்ணி கிடையாது" என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பம்பு இருக்கும் பின்பக்கக் குழி காய்ந்துதான் கிடந்தது. நான் முன்பக்கத்துப் பலகையைத் தூக்கினேன். குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே நான்கு விரல்கடைத் தண்ணீர், மேலே வழவழவென்று கறுப்பு ஏடு.

ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் அடியிலும் தண்ணீர் பின்பக்கம் வடிந்து போவதற்கு ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். அது அடைத்துக்கொண்டால் பம்பு வருடக்கணக்கில் ஓடினாலும் அந்தத் தண்ணீர் அங்கேயேதான் கிடக்கும். கம்பியை விட்டுக் குடைந்தேன். மரத்தூள், தலைமுடி, ஏதோ டப்பாவிலிருந்து ஊறி உரிந்த காகிதம், கடைசியாக அரை பென்சில். யாரோ தச்சர் காதிலிருந்து விழுந்ததாக இருக்கும். அந்தப் பென்சில் வெளியே வந்ததும் தண்ணீர் களக் களக்கென்று பின்னால் ஓடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து பார்த்தால் என் விரலில் இருந்த வெள்ளி மோதிரம் கறுத்துப் போயிருந்தது. கடல்நீரில் சல்பேட் என்ற உப்பு இருக்கிறது. நீர் தேங்கி, காற்றுப் படாமல், எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து கிடந்தால், பிராணவாயு தேவைப்படாத சில பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டைக் கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைப்பதும் அதுதான். படகுக்குள் இருக்கும் செம்புக் கம்பி, பித்தளைக் கொண்டி எல்லாம் காரணமில்லாமல் கறுத்துக்கொண்டே வந்தால் மூக்கை நம்ப வேண்டியதில்லை, பலகையைத் தூக்குங்கள்.

நாற்றத்துக்கு நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். கவிச்சி, வீச்சம், முடை, நெடி, மக்கல் வாடை. படகு விஷயத்தில் எந்தச் சொல் வாயில் வருகிறதோ அதை வைத்தே பாதி இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன். "சும்மா நாறுது" என்று சொன்னால் விடமாட்டேன்.

டீசல் நெடி என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. முதலில் ஒழுக்கு, பிறகுதான் சுத்தம். என்ஜினுக்குக் கீழே நன்றாகத் துடைத்துவிட்டு வெள்ளைக் காகிதம் விரித்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே கையை வையுங்கள். என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் மெல்லிய குழாயின் இணைப்புதான் பல தடவை குற்றவாளி. கீழே சேர்ந்த எண்ணெயை, எண்ணெயை மட்டும் உறிஞ்சும் பஞ்சு விரிப்பு விற்கிறார்களே, அதைப் போட்டு எடுங்கள். சோப்பு ஊற்றிக் கலக்கி பம்பைப் போட்டுக் கடலில் தள்ளிவிடுவது பலருக்குப் பழக்கம். சோப்பு எண்ணெயைத் தின்றுவிடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் பிரித்து விடுகிறது, அவ்வளவுதான். கப்பல்கள் கடலை மாசுபடுத்தாமல் தடுக்க நாடுகள் செய்துகொண்ட மார்போல் ஒப்பந்தம், பெரிய கப்பல்கள் வெளியேற்றும் நீரில் எண்ணெய் 10 லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. நம் படகு சின்னதென்றாலும் கடல் அதே கடல்தானே.

எண்ணெயை எடுத்த பிறகு சோப்புத் தண்ணீர், பிரஷ், அப்புறம் நல்ல தண்ணீரில் அலசல். கடல்நீரில் அலசினால் பாக்டீரியாவுக்கு மறுபடி சாப்பாடு போட்ட மாதிரி. முடிந்ததும் பலகைகளைத் திறந்தே வைத்துக் காயவிடுங்கள். பெயின்ட் உரிந்த மரத்திலோ, சுவருக்குள் அடைத்த ஃபோமிலோ டீசல் ஊறியிருந்தால் எந்தச் சோப்பும் உதவாது. ஃபோமை வெட்டி எறிய வேண்டும். மரத்தைக் கழுவி, காய வைத்து, மேலே பெயின்ட் அடிக்க வேண்டும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

பெட்ரோல் நெடி என்றால் கதையே வேறு. அதைச் சுத்தப்படுத்தும் வேலையாக நினைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கிப் பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். ஒரு ஸ்விட்சின் பொறி போதும். எந்த ஸ்விட்சையும் தொடாமல், எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, ஆட்களை இறக்கிவிட்டுத்தான் மற்றது. நெடியே இல்லாத நாளிலும் உள்என்ஜின் பெட்ரோல் படகில் காற்று வெளியேற்றும் விசிறியை 4 நிமிடமாவது ஓட்டிவிட்டு, மோந்து பார்த்துவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்வதுதான் முறை.

மூத்திர வீச்சமா? எல்லோரும் கழிப்பிடத் தொட்டியைக் கழுவிக் கழுவி மாய்கிறார்கள். நான் குழாயைச் சந்தேகப்படுவேன். காலப்போக்கில் கழிவுக் குழாயின் ரப்பருக்குள் நாற்றம் ஊறி வெளிப்பக்கம் வரை வந்துவிடும். ஒரு துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, குழாயின் மேல் சுற்றி, ஆறும்வரை விட்டு, துணியை மோந்து பாருங்கள். துணி நாறினால் குழாயை மாற்ற வேண்டும், வேறு வைத்தியம் இல்லை. தொட்டியின் காற்றுக் குழாய் வாயில் பூச்சி கூடு கட்டி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தொட்டிக்குள் காற்றுப் போனால் நாற்றம் பாதி குறையும். கடல்நீரில் கழுவும் கழிப்பிடமாக இருந்து படகை ஒரு வாரம் பூட்டிவைக்கப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் நல்ல தண்ணீரை விட்டு அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் குழாயில் நின்ற கடல்நீரில் இருக்கும் சின்னஞ்சிறு உயிர்கள் செத்து அழுகி, திரும்பி வந்து முதல் தடவை தண்ணீர் அடிக்கும்போது வரவேற்பு கொடுக்கும்.

மக்கல் வாடைக்கு ஈரமும் காற்றில்லாமையும்தான் காரணம். மெத்தை, உயிர்காப்புச் சட்டை, கயிறு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, காற்று வர ஒன்று, போக ஒன்று வேண்டும். பூஞ்சை பிடித்த சுவரைத் தண்ணீர் கலந்த வினிகரால் துடைக்கலாம்.

இனி மீன் போடும் அறை. கவிச்சி நாற்றம் பெரும்பாலும் டிரைமெத்திலமின் என்ற பொருளால் வருவது. மீன் கெடத் தொடங்கும்போது உண்டாகும். அது காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டால் அடங்கும். வினிகர் வேலை செய்வது அதனால்தான். ஆனால் முதலில் குளிர்ந்த தண்ணீரால் ரத்தத்தையும் கோழையையும் போக்க வேண்டும். எடுத்ததுமே சுடுதண்ணீர் ஊற்றினால், முட்டை வெந்து இறுகுகிற மாதிரி, அது பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்த இடத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், வினிகர் ஊற்றித் தேய்த்த அறையில் இன்னும் கொஞ்சம் வாடை இருக்கிறதே என்று பிளீச்சிங் திரவத்தையும் ஊற்றினேன். அறையின் மூடி பாதி சாத்தியிருந்தது. அடுத்த நிமிடம் கண் எரிந்து, தொண்டை அடைத்து, தவழ்ந்துதான் வெளியே வந்தேன். ராத்திரி முழுக்க இருமல். புளிப்போடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு. அம்மோனியா உள்ளவற்றோடு, தேங்கிய மூத்திரத்தோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றதைக் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நான் பயந்த விஷயம் இனிமேல்தான். சில நாள் மூடிக் கிடந்த ஒரு மீன் அறையை என் மைத்துனனும் நானும் திறந்தோம். அடியில் கொஞ்சம் மீனும் உருகிய ஐஸ் தண்ணீரும் மறந்துபோய்க் கிடந்திருக்கின்றன. திறந்ததும் குடலைப் பிடுங்கும் நாற்றம். அவன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான். மூன்றாவது படியில் நின்று, "அத்தான், நாத்தம் போயிடுச்சு" என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஏன் அப்படித் தோன்றியதோ தெரியாது. குனிந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். தலை மேலே வந்தபோது முகம் வெளுத்து, கால் தொய்ந்திருந்தது. அவன் நல்ல நேரம், என் கைக்கு எட்டும் உயரத்திலேயே நின்றான்.

பின்னால்தான் விவரம் தெரிந்துகொண்டேன். ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் 10 லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்குக்குத் தெரியும். 100 பங்கை நெருங்கும்போது மூக்கின் நரம்பு மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். வாயு குறைந்திருக்காது, கூடியிருக்கும். போதாததற்கு அழுகும் மீனும் துருப்பிடிக்கும் இரும்பும் உள்ளே இருக்கும் பிராணவாயுவையும் உறிஞ்சிக்கொள்கின்றன. துண்டு கட்டினால் இது எதுவும் நிற்காது. மூடிக் கிடந்த அறையைத் திறந்ததும் யாரும் இறங்கக் கூடாது. மேலிருந்தே விசிறி வைத்து நெடுநேரம் காற்றை உள்ளே செலுத்த வேண்டும். வாயு அளக்கும் கருவி இருந்தால் அதைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும். மேலே ஒரு ஆள் எப்போதும் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாகிற விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

எலுமிச்சை வாசனை அடித்த ஒரு அறைக்குள், "அட, நாற்றம் போய்விட்டதே" என்று ஒருவர் நிம்மதியாக இறங்குவதை நினைத்துப் பாருங்கள். உங்கள் குறிப்பைப் படித்தபோது எனக்குக் கண்ணில் தெரிந்தது அந்தக் காட்சிதான்.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒரு வார்த்தை. படகுக்குள்ளேயே உட்கார்ந்து மோந்து பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, சில நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். இரண்டு நாள் பூட்டி வைத்துவிட்டு, காலையில் கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே முதல் மூச்சில் வருவது என்ன வாடை என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். நன்றாகக் காற்றோட விட்டபிறகு உள்ளே போய், முன்பக்கத்துப் பலகையிலிருந்து தொடங்குங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கடிதம் நீண்டுவிட்டது, வெட்டத்தான் வேண்டும் என்றால் அரை பென்சில் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். பிளீச்சையும் வினிகரையும் பற்றியும் மூடிய அறையைப் பற்றியும் எழுதியதை மட்டும் விட்டுவிடாமல், குறிப்பு வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு படகு மெக்கானிக்