ஜன்னல் வைத்த சிப்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வேலை, உடம்பு என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம்தான். ஆனால் உண்மையில் ராத்திரி சாப்பிட்டு எழுந்ததும் பழைய கணினிச் சிப்புகளை எடுத்துக்கொண்டு மைக்ரோஸ்கோப் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறேன். எழுந்திருக்கும்போது மணி ஒன்று. வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக் கதை. உன் பெண் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவளுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

உனக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். இறுதியாண்டு புராஜெக்ட்டில் நம்மை அம்போவென்று விட்டுவிட்டுச் செத்ததே ஒரு ஈப்ராம், அழித்து அழித்து எழுதுகிற அந்த நினைவகச் சிப், 2716, ஞாபகம் இருக்கிறதா? அது என்னிடம்தான் இருக்கிறது. இத்தனை வீடு மாறியும் அந்தத் தகர டப்பா எப்படியோ கூடவே வந்திருக்கிறது. ஜன்னல்மேல் உன் கையெழுத்தில் 'இறுதி' என்று எழுதிய ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. போன வாரம் அதை மெல்ல உரித்துவிட்டு லென்ஸுக்குக் கீழே வைத்தேன்.

மற்ற சிப்புகளை உடைக்காமல் உள்ளே பார்க்க முடியாது. ஈப்ராமுக்கு மட்டும் குவார்ட்ஸ் ஜன்னல் உண்டு. புற ஊதா ஒளி உள்ளே போய் எழுதியதை அழிப்பதற்காக வைத்தது. என்னைப் போன்ற ஆட்களுக்கு அது எட்டிப் பார்க்கும் ஜன்னல். குறைந்த உருப்பெருக்கத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. இருபத்துநான்கு கால்களிலிருந்தும் சிலிக்கான் துண்டுக்குத் தலைமுடியைவிட மெல்லிய அலுமினியக் கம்பிகள் வருகின்றன. இருபத்துமூன்று ஒழுங்காக இருக்கின்றன. பன்னிரண்டாவது காலின் கம்பி நடுவில் அற்றுப்போய், இரண்டு முனையும் உருகிக் குமிழ்போலத் திரண்டு நிற்கிறது.

பன்னிரண்டாவது கால் கிரவுண்ட், இருபத்துநான்காவது கால் ஐந்து வோல்ட். சிப்பைத் தலைமாற்றிச் செருகினால் இரண்டும் நேராக இடம் மாறிக்கொள்ளும். அன்று ஜன்னலுக்குள் ஒரு பொறி மின்னியதாக நீ சத்தியம் செய்தாய், நான் நம்பவில்லை. மின்னியிருக்கிறதடா. மன்னித்துக்கொள். ஆனால் தலைகீழாகச் செருகியது நீயா நானா என்பதற்கு இந்த மைக்ரோஸ்கோப்பில் பதில் இல்லை. உன் கட்சியில் நீயே இரு, என் கட்சியில் நான்.

இந்த மைக்ரோஸ்கோப் பற்றிக் கேட்டிருந்தாயே. உயிரியல் லேபில் நாம் பார்த்த மாதிரி இல்லை. அதில் வெளிச்சம் கீழேயிருந்து வரும். சிலிக்கான் அதை மறைத்துவிடும், ஒரே இருட்டாகத்தான் தெரியும். இது உலோகங்களைச் சோதிக்கிறவர்கள் வைத்துக்கொள்வது. லென்ஸ் வழியாகவே வெளிச்சம் மேலிருந்து இறங்கி, பரப்பில் பட்டுத் திரும்பி வரும். பழசுதான், பின்னமில்லாமல் கிடைத்தது. ஒரு சிப்பைப் பகுதி பகுதியாக நூறு படம்கூட எடுத்துக் கணினியில் தைக்கிறேன். அந்தத் தையலில்தான் ராத்திரி கழிகிறது.

முதல் தடவை பார்த்தபோது அந்த நிறங்களில் ஆடிப்போய்விட்டேன். பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு. சாயம் ஒன்றும் கிடையாது. தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்தால் நிறம் காட்டுகிறதே, அதே கதைதான். ஆக்சைடு படலம் எங்கே எவ்வளவு தடிமனோ அதற்கேற்ற நிறம். அதற்கு மேலே வெள்ளை வெளேரென்று அலுமினியப் பாதைகள். எழுபதுகளின் சிப் என்றால் ஒரே ஓர் உலோக அடுக்கு. அதனால் அடியில் இருப்பதெல்லாம் தெரியும். பாலிசிலிக்கான் என்கிற சிலிக்கான் படலத்தின் கோடு ஒன்று, கீழே மின்சாரம் ஓடுகிற பட்டையைக் குறுக்கே கடக்கிற இடம் ஒரு டிரான்சிஸ்டர், அதாவது ஒரு குட்டி மின் சுவிட்ச். இது ஒன்று பிடிபட்டால் போதும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி மெல்லப் படித்துக்கொண்டே போகலாம். இன்றைய சிப் எனக்கு வேண்டவே வேண்டாம். அடுக்கடுக்காக உலோகம் மூடியிருக்கும். அதிலுள்ள நுணுக்கம் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது, எந்த லென்ஸ் போட்டாலும் பிரித்துக் காட்டாது.

என்னை இதில் இழுத்துவிட்டது ஒரு புகைப்படம். இன்டெல் 4004 என்கிற நுண்செயலி, 1971-ல் வந்தது, சுமார் 2,300 டிரான்சிஸ்டர். என்னிடம் அது இல்லை. இருந்தாலும் திறக்க மனசு வராது. அதன் ஓரத்தில் 'எஃப்.எஃப்.' என்று இரண்டு எழுத்து பொறித்திருக்கிறது. வடிவமைத்த ஃபெடரிக்கோ ஃபாகின் போட்ட கையெழுத்து. மூடியைப் போட்டுவிட்டால் ஒருத்தர் கண்ணிலும் படாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? அப்படியும் போட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் சிப்பின் ஒவ்வொரு படலத்தையும் பெரிய சிவப்புத் தாளில் கத்தியால் வெட்டி, புகைப்பட முறையில் சுருக்குவார்கள். அப்படி மாதக்கணக்கில் குனிந்து கிடந்தவருக்குத் தன் பெயரை ஒரு மூலையில் வைக்கத் தோன்றாதா? அதிலிருந்து எந்தச் சிப்பை வைத்தாலும் முதலில் மூலைகளைத்தான் துழாவுகிறேன்.

மூலைகளில் குறும்பும் உண்டு. பனிப்போர்க் காலத்தில் டெக் என்கிற அமெரிக்கக் கணினி நிறுவனத்தார் தங்கள் வாக்ஸ் கணினிக்கான ஒரு சிப்பில் ரஷ்ய மொழியில் ஒரு வரி பொறித்தார்கள். 'திருடுவதென்றால் சிறந்ததையே திருடுங்கள்' என்கிற தொனியில். நகலெடுக்க எவனோ அங்கே லென்ஸ் வைத்துப் பார்ப்பான் என்று தெரிந்து அவனுக்கே எழுதியது. அந்த ரஷ்ய மொழி கொலை என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் இந்த விஷயத்தில் என் ஓட்டு இசட்-80க்குத்தான். நாம் இரவும் பகலும் மாரடித்த அதே இசட்-80 நுண்செயலி. இன்டெலை விட்டு வந்த ஃபாகினும் அவரோடு வேலை செய்த மசடோஷி ஷிமாவும் 1976-ல் கொண்டுவந்தது. நகலெடுப்பவர்களுக்காக அதில் பொறி வைத்தார்கள். சில டிரான்சிஸ்டர்கள் பார்வைக்கு மற்றவை போலவே இருக்கும். ஆனால் உள்ளே அயனிகளைச் செலுத்தி எப்போதும் மின்சாரம் கடத்துகிற மாதிரி ஆக்கியிருப்பார்கள். அந்த வித்தியாசம் லென்ஸுக்குத் தெரியாது. பார்த்ததை அப்படியே வரைகிறவன் தொலைந்தான். ஒன்றை நானும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் புரிந்துவிட்டது என்று ஒரு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் ஏமாந்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 1977-ல் தயாரானது என்று முத்திரையிட்ட செராமிக் சிப் ஒன்றை ஒருவரிடம் வாங்கினேன். வேலை செய்யவில்லை. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தேன், முத்திரை பஞ்சோடு வந்துவிட்டது. உலோக மூடியை பிளேடால் நெம்பித் திறந்து பார்த்தால், சிலிக்கானிலேயே 1982 என்று காப்புரிமை ஆண்டு. பிள்ளை பிறப்பதற்கு முன்னே பெயர் வைத்த கதை. மேல்மூடியைப் பார்த்துச் சேகரிப்பதை அன்றோடு விட்டேன்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பொருளைச் சேகரிப்பவனே அதை உடைக்கலாமா? உயிரோடு இருப்பதைத் திறப்பதில்லை, அவ்வளவுதான் என் கணக்கு. அதிலும் செராமிக் மட்டும். பிளாஸ்டிக்கைக் கரைக்கப் புகையும் நைட்ரிக் அமிலம் வேண்டும். அதை வீட்டுக்குள் விடுகிற வயது எனக்குக் கடந்துவிட்டது.

மறுபடியும் நம் ஈப்ராமுக்கு. அதன் நடுவே 16,384 பிட்டுகளும் பாய் முடைந்த மாதிரி ஒரே சீராக இருக்கின்றன. பூஜ்யமும் ஒன்றும் பார்வைக்கு ஒன்றேதான். நீ எழுதிய நிரல் மின்னூட்டமாக எங்கோ அடியில் அடைந்து கிடக்கும், அல்லது இந்நேரம் கசிந்து போயிருக்கும். கம்பி அறுந்த இடத்தில் ஊசி வைத்து இணைப்புக் கொடுத்தால் படிக்க வருமா என்று ஒரு நப்பாசை. இந்த மாதிரிச் சிப்பை நேர் வெயிலில் ஒரு வாரம் வைத்தாலே அழிந்துவிடலாம், குழல்விளக்கில் சுமார் மூன்று வருடம் தாங்கும் என்று தயாரிப்பாளரின் தாளில் இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து விளக்கைப் போடவே பயமாக இருக்கிறது.

நம் நிரலை வரி வரியாகக் கையால் ஹெக்ஸ் எண்களில் எழுதிய அந்த நீல நோட்டு இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. ஏதாவது படிக்க வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதுவரை ஜன்னலை மூடி வைத்திருக்கிறேன். உன் ஸ்டிக்கரில் பசை போய்விட்டது. அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன்.

உன்,
முரளி