அந்த மூடியை இறுக்கியே வைத்துவிடாதே

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ அவசரத்தில் இருந்தாய். சொல்ல வந்ததில் பாதி அப்படியே நின்றுபோயிற்று, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழாய் நன்றாகத்தான் இருக்கிறது. மாடி அலமாரிக்குள், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங் குழாயின் உச்சியில் நிற்கிறதே சின்னப் பித்தளைக் குப்பி, அதன் தலையிலிருந்துதான் கசிவு. சுற்றிலும் பச்சை பூத்திருக்கிறது பார். அதுதான் ஏர் வென்ட், குழாயில் சேரும் காற்றைத் தானாக வெளியே விடும் வால்வு.

"மூடியை இறுக்கினேன், சொட்டு நின்றுவிட்டது" என்றாய். சொட்டு நின்றது சரி, அதோடு வென்ட்டின் வேலையும் நின்றுவிட்டதும்மா. தண்ணீரைச் சுட வைக்கும்போது, கொதிப்பதற்கு முன்பே பாத்திரத்தின் ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழ் ஒட்டுமே, அதே கதைதான் குழாய்க்குள்ளும். சூடேறும்போது தண்ணீரில் கரைந்திருந்த காற்று பிரிந்து உச்சிக்கு ஏறுகிறது. குப்பிக்குள் ஒரு மிதவை உண்டு. காற்று சேரச் சேர அது கீழே இறங்கி ஊசி வால்வைத் திறக்கும். காற்று போனதும் தண்ணீர் அதைத் தூக்கி மூடிவிடும். அந்த ஊசி உட்காரும் இடத்தில் துளி அழுக்கு மாட்டினால் போதும், முழுதாக மூடாமல் கசியும். உன் வீட்டில் நடந்தது அதுதான். மூடியை இறுக்கியபடியே விட்டால் காற்று போக வழியில்லாமல் மாடியில் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் மேல்பாதி சில்லிட்டுக் கிடக்கும், பம்பும் கடகடவென்று சத்தம் போடும். ஒன்றிரண்டு நாள் சமாளிக்க இறுக்கி வைக்கலாம். அப்புறம் புதிதுதான் போட வேண்டும்.

பாய்லரை அணைத்து, மின்சாரத்தையும் துண்டித்து, குழாய் கையால் தொடும் அளவுக்கு ஆறும்வரை காத்திரு. இதில் மட்டும் பொறுமை இழக்காதே, உள்ளே ஓடுவது 60, 70 டிகிரித் தண்ணீர். பிறகு கீழே உள்ள வடிகுழாயில் ஹோஸ் மாட்டி, மாடி ரேடியேட்டர் ஒன்றின் காற்றுத் திருகைத் திறந்துவிட்டுத் தண்ணீரை இறக்கு. வென்ட் உச்சியில் இருப்பதால் முழுவதும் வடிக்க வேண்டாம், அதன் மட்டத்துக்குக் கீழே இறங்கினால் போதும். சில வென்ட்டுக்கு அடியில் தானே மூடிக்கொள்ளும் செக் வால்வ் இருக்கும். பழசாக இருந்தால் அதையும் நம்பாதே.

இப்போது முக்கியமான இடம். ஸ்பானர் இரண்டு வேண்டும். ஒன்றால் அடியில் இருக்கும் ஃபிட்டிங்கை அசையாமல் பிடி, மற்றதால் வென்ட்டின் அடிப்பட்டையைத் திருப்பு. நம் பழைய வீட்டில் நான் ஒரே ஸ்பானரை வைத்துத் திருப்பினேன். வென்ட் அசையவே இல்லை. காப்பர் குழாய்தான் முறுக்கிக்கொண்டு, பற்றவைத்த இடத்தில் விட்டது. சீலிங் முழுக்க ஊறிப்போனது. நீ வாளியை ஏந்திக்கொண்டு ராத்திரி வெகுநேரம் என்னோடு நின்றாய், உனக்கு எட்டு வயது. அந்த நிலை உனக்கு வரக்கூடாது.

பழையதைக் கையில் எடுத்துப்போய் அதே மரை அளவில் புதிது வாங்கு. 3/8 அங்குலமும் 1/2 அங்குலமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ரப்பர் வளையம் இல்லாத வகை என்றால் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். மரையின் முனை உன்னைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் போகும் திசையில் சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே உரிந்துவிடும். தலையைப் பிடித்துத் திருகாதே, உள்ளே மிதவை இருக்கிறது.

வடிந்த தண்ணீரின் நிறத்தையும் கொஞ்சம் பார். மை போலக் கறுப்பாக இருந்தால் ரேடியேட்டரின் இரும்பு உள்ளுக்குள் அரிக்கிறது என்று அர்த்தம். புது வென்ட்டையும் அந்தக் கசடு சீக்கிரமே அடைத்துவிடும், ஆள் வைத்துக் கழுவிவிடுவது நல்லது. தெளிவாக இருந்தாலும், வடிந்ததோடு துருத் தடுப்பு மருந்தும் கொஞ்சம் போயிருக்கும். அதைத் திரும்ப ஊற்ற மறக்காதே.

கடைசியாக, மூடியை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு மெதுவாக நிரப்பு. காற்று சீறிக்கொண்டு போகும், பயப்படாதே. முதலில் கீழ்த்தள ரேடியேட்டர்கள், பிறகு மாடி என்று ஒவ்வொன்றாகக் காற்றை எடு. ஆறிய நிலையில் பாய்லரில் அழுத்தம் காட்டும் முள் 1 பாருக்கும் 1.5 பாருக்கும் நடுவில் நிற்கட்டும். நிரப்பும் வால்வை மூடிவிட்டாயா என்று இரண்டு முறை பார்.

பாய்லரின் உறைக்குள்ளேயும் ஒரு வென்ட் இருக்கும். அதைத் தொடாதே, உரிமம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

எல்லாம் முடிந்ததும் புது வென்ட்டின் அடியில் ஒரு டிஷ்யூவைச் சுற்றி வை. காலையில் தொட்டுப் பார்த்து, ஈரமோ உலர்வோ, எனக்கு ஒரு வரி அனுப்பு. சனிக்கிழமை காலையில் ஆரம்பி, நான் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா