செய்திப் பக்கமும் சமையல் பக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்று யாங்கோன் என்று எழுதப்பட்டாலும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் ரங்கூன் என்றே சொல்லும் மியான்மர் (பர்மா) நகரிலிருந்து இதை எழுதுகிறேன். தங்கள் நாளிதழை இணையத்தில்தான் படிக்கிறேன். மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் ஒருசேர வாய்க்கும் நேரம் இங்கே குறைவு என்பதால், கிடைத்த நேரத்தில் உலகச் செய்திகளை முதலிலும் சமையல் பக்கத்தை அடுத்தும் படித்து முடித்துவிடுவேன். போரும் பஞ்சமும் நிரம்பிய பக்கத்தைப் படித்த கையோடு, வெண்ணெயும் சீஸும் மயோனைஸும் கேட்கிற விருந்துப் பண்டம் ஒன்றின் செய்முறைக்குப் போவது நெடுநாளாகவே எனக்கு உறுத்துகிறது. சமையல் பக்கம் வேண்டாம் என்பது என் கருத்தல்ல. அந்தப் பக்கத்தில் ரசத்துக்கும் கஞ்சிக்கும் துவையலுக்கும், அதாவது வீட்டில் நாள்தோறும் அடுப்பேறும் சாதாரணச் சாப்பாட்டுக்கு, வாரம் ஒருமுறையாவது இடம் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

உலகக் கவலைகளை மறக்கச் சமையல் நல்ல வழி என்று பலரும் எழுதுகிறார்கள். மறப்பது எங்கே? எங்கள் வீட்டில் உலகச் செய்தி முதலில் வந்து நிற்பதே அடுக்களையில்தான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்து, உலகமே பாமாயிலைத் தேடத் தொடங்கியது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. தடை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை என்றாலும், அந்த ஆண்டில் இந்நகரத்துச் சாதாரணக் குடும்பங்கள் அரசுத் தரப்பில் குறித்த விலைக்குக் கிடைக்கும் எண்ணெய்க்காகப் பாத்திரத்தோடு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பருப்பின் கதை இன்னும் நெருக்கமானது. பெகு வட்டாரத்திலும் ஐராவதி வடிநிலத்திலும் நெல் அறுத்த வயலில், மண்ணில் மிஞ்சிய ஈரத்தைக் கொண்டே விளைகிற உளுந்துதான் தமிழ்நாட்டு இட்லி மாவுக்கும் பெருமளவில் கப்பலேறிப் போகிறது. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு பருப்பு இறக்குமதிக்கு அளவு விதித்தபோது இங்கே உளுந்து விலை சரிந்து உழவர்கள் நொடித்தார்கள். 2021 மே மாதத்தில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, அடுத்த மாதமே ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் இங்கிருந்து ஐந்தாண்டுகளுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தார்கள். உழவருக்கு அது நல்ல செய்தி. ஆனால் வாங்கிச் சாப்பிடுகிற எங்களுக்கு, இந்நகரத்துப் பயின்னவுங் மொத்தச் சந்தையில் அந்நிய நாட்டுத் தேவையும் டாலரும் சேர்ந்து வைப்பதே விலை. உளுந்து விளைகிற நாட்டில் இருந்துகொண்டே, இட்லி வேண்டுமா கஞ்சி போதுமா என்று கணக்குப் பார்க்கிறோம்.

இவ்வளவுக்கும் நடுவில் கிடைக்கிற ஆறுதல் என்னவென்று சொல்லப் புளிச்சக்கீரையையே எடுத்துக்கொள்கிறேன். இங்கே சின்பவுங் என்பார்கள். பர்மியர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் ஒரே கட்டு கீரைதான் போகிறது. தண்டிலிருந்து இலையை உருவி, மண் போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, வெங்காயமும் பூண்டும் காய்ந்த மிளகாயும் மஞ்சளும் வதங்கிய எண்ணெயில் போட்டால், சட்டி நிறையக் குவிந்திருந்த இலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கைப்பிடியாகச் சுருங்கிப் பச்சை மங்கிப் பழுப்பேறும். புளிப்பு வாசனை கூடம்வரை போகும். பர்மியர்கள் இதில் மூங்கில் குருத்தும் இறாலும் சேர்ப்பார்கள், சிலர் ஙாப்பி என்னும் புளிக்கவைத்த மீன், இறால் விழுதும் சேர்ப்பார்கள். என் அம்மா வேகவைத்த துவரம்பருப்பைச் சேர்த்து மத்தால் கடைவார். துவரை விலை ஏறிய மாதங்களில், "அத்தை, இன்றைக்குப் பருப்பு வேண்டாம், மூங்கில் குருத்தே போடட்டுமா?" என்று என் மருமகள் கேட்கத் தொடங்கி, இப்போது எங்கள் வீட்டில் பாதிக்குப் பாதி பர்மியச் சமையலாகவே ஆகிவிட்டது. என் பேரன் இதைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறான் என்பதால் எனக்கு ஒரு குறையும் இல்லை. செய்தியைப் படித்து என்னால் ஒன்றையும் மாற்ற முடிவதில்லை. அடுப்பிலோ உப்பு குறைந்தால் போட முடிகிறது, தீ மிஞ்சினால் தணிக்க முடிகிறது, தொடங்கிய வேலை பொழுது சாய்வதற்குள் முடிந்து நாலு பேர் வயிறும் நிறைகிறது. நான் ஆறுதல் என்று சொல்வது இந்த அளவுக்குத்தான்.

இதைப் பெரிதுபடுத்திச் சொல்லவும் மனம் ஒப்பவில்லை. மின்சாரம் போன வேளையில் கரியடுப்பை ஊதிக் கண் கரிக்கிற பெண்ணிடம் போய்ச் சமையல் மனத்துக்கு இதம் என்று சொன்னால், அகப்பையைக் கையில் கொடுத்துவிடுவாள். (இந்த இதத்தைப் பற்றி மனம் உருகி எழுதுபவர்களில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களே அதிகமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.) இந்நாட்டுக்குள்ளேயே வீடிழந்து இடம்பெயர்ந்தவர்கள் 30 லட்சத்துக்கும் மேல் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு சொல்கிறது, அவர்களுக்குத் தங்களுடையது என்று ஓர் அடுப்பே இல்லை. 2025 மார்ச் 28 அன்று நண்பகல் தாண்டிய வேளையில் 7.7 அளவில் நிலம் நடுங்கி மாந்தலேயும் சகாயிங்கும் இடிந்து, 3,000 பேருக்கும் அதிகமானோர் மாண்டபோது, எங்கள் தெருப் பெண்கள் முதலில் செய்தது பெரிய அண்டாவில் புளிச்சோறு கிளறியதுதான். சுமார் 600 கிலோமீட்டர் வண்டியில் போயும் கெடாமல் இருக்க வேண்டும் என்று நல்லெண்ணெயைக் கூட்டி, தேங்காயை அறவே விலக்கி, சோறு முழுவதும் ஆறிய பின்பே பொட்டலம் கட்டினோம். அன்று எவரும் அதிகம் பேசவில்லை. ஆனாலும் கையில் ஒரு வேலை இருந்தது.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். வாரம் ஒரு நாள், விலை குறைந்த, குறைந்த விறகில் முடிகிற ஒரு வீட்டுச் சமையலை வெளியிடுங்கள். மிக்ஸியும் குளிர்பெட்டியும் இல்லாமல் செய்யும் வழியையும், ஒரு பொருள் கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் எதைப் போடலாம் என்பதையும் கூடவே சொல்லுங்கள். அளவைக் கிராமில் மட்டும் கொடுக்காமல் டம்ளர் கணக்கிலும் கொடுங்கள். தமிழ்நாட்டு வீடுகளோடு நின்றுவிடாமல் டர்பனிலும் மொரீஷியசிலும் ரீயூனியனிலும் இங்கேயும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களிடமும் கேட்டு வாங்குங்கள். 1960களில் இங்கிருந்து திரும்பியவர்கள் கொண்டுபோன அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸைச் சென்னைப் பர்மா பஜார்ப் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் பலரும் சாப்பிட்டிருப்பார்கள். அதே குடும்பங்கள் வீட்டுக்குள் என்ன சமைத்தன என்று எந்த இதழும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. படம் அழகாக வராது என்று தயங்க வேண்டாம், புளிச்சக்கீரை எந்தப் படத்திலும் அழகாக வராது. அதன் செய்முறையைப் பருப்போடு ஒன்று, பருப்பில்லாமல் ஒன்று என இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
யாங்கோன்