பக்கவாத நோயாளியின் எடையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாய் கோணினால், கை தொங்கினால் நாலரை மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. சரி, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிழைத்து வீட்டுக்கு வந்த ஆள் இரண்டு மூன்று மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிடுவதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். எங்கள் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் "வாதம் வந்த உடம்பு வத்தத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பல வீடுகளில் அது நோய் மட்டுமில்லை, பட்டினி.

என் பெரியப்பாவை ஒரு மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தந்த சீட்டில் மாத்திரை இருந்தது, உடற்பயிற்சி இருந்தது, எதை எப்படி ஊட்டுவது என்று ஒரு வரி இல்லை. அப்புறம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான், கட்டிலில் படுத்த வாக்கில் கஞ்சித் தண்ணீர். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆரம்பத்தில் விழுங்குவதில் சிக்கல் இருக்கும். தண்ணியாகக் கொடுத்தால் சுலபமாக இறங்கும் என்று நினைக்கிறோம், ஆனால் தொண்டை சுதாரிப்பதற்குள் அதுதான் மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும். சிலருக்கு இருமல்கூட வராது, தொண்டையில் நீர் நின்ற மாதிரி குரல் மட்டும் மாறும், பின்னாலேயே காய்ச்சல், நிமோனியா. நிறைய பேருக்குக் கெட்டிக் கூழ் பதம்தான் ஒத்துக்கொள்ளும். யாருக்கு எந்தப் பதம், யாருக்கு மூக்குக் குழாய் என்பதை விழுங்கவிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று. மூளையில் வலது பக்கம் அடி வாங்கியவர்களில் சிலருக்கு இடது பக்கம் இருப்பதே புலப்படாது. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டு நிறுத்திவிடுவார், பசியில்லை போல என்று நாம் தட்டை எடுத்துவிடுவோம். தட்டைத் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் சாப்பிடுவார்! இதை எங்களுக்குச் சொன்னது பிசியோதெரபி கொடுக்க வந்த பெண், அதுவும் தற்செயலாக.

பத்தியம் வேறு. வாயு என்று பருப்பை நிறுத்துவார்கள், சூடு என்று முட்டையை நிறுத்துவார்கள், கடற்கரையில் இருந்துகொண்டு மீனையும் நிறுத்துவார்கள். சதை கரையாமலிருக்கப் புரதம் வேண்டிய நேரத்தில் மிஞ்சுவது சோறும் ரசமும்தான். சிறுநீரகக் கோளாறு மாதிரி வேறு பிரச்சினை இல்லையென்றால், முள் ஒன்றுகூட இல்லாமல் எடுத்து மசித்த மீன் கொடுப்பதில் என்ன தப்பு? (கருவாடு வேண்டாம், அந்த உப்பு ரத்த அழுத்தத்துக்கு ஆகாது.)

பெண்கள் கடலுக்குப் பாசி எடுக்கப் போகிற வீடுகளில் நோயாளி பக்கத்தில் ஒரு சொம்பு கஞ்சியை வைத்துவிட்டுத்தான் போகிறார்கள், வேறு வழியில்லை. கை விளங்காதவர் அதில் எத்தனை வாய் குடிப்பார்?

நர்ஸ்களைக் குறை சொல்லவில்லை, ஒருவர் எத்தனை கட்டிலைத்தான் பார்ப்பார். ஆனால் வீட்டுக்கு அனுப்பும் முன் விழுங்குவதைச் சோதித்து, ஊட்டப்போகிறவரை ஒரு வேளையாவது நர்ஸ் முன்னாலேயே ஊட்டச் சொல்லிப் பார்க்கலாமே. நிமிர்த்தி உட்காரவைப்பது, சிறு கரண்டி, முதல் வாய் இறங்கிய பிறகு அடுத்தது, சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடாதது, கன்னத்தில் ஒதுங்கிய சோற்றைத் துடைத்தெடுப்பது, இதெல்லாம் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வராது. கிளம்பும் நாளின் எடையையும் சீட்டில் குறித்துவிட வேண்டும்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள், பிசியோதெரபியும் உண்டு. அதோடு மாதம் ஒரு தடவை எடை பார்க்கட்டும். எழுந்து நிற்க முடியாதவருக்கு மேல்கையின் சுற்றளவை டேப்பால் அளந்தால் போதும், 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் ஆள் சத்துக் குறைவில் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு அளக்கிற மாதிரிதான், டேப் மட்டும் கொஞ்சம் நீளமாக வேண்டும். ராமநாதபுரம் மாவட்ட சுகாதாரத் துறை இதைச் செய்ய முடியுமா என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்.