ஏரியில் ஆகாயத்தாமரை அகற்றும் பணி: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரில் பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஏரிக்குழுவின் வணக்கம்.

பெரிய ஏரியில் 12 ஏக்கரை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் எடுத்தாக வேண்டும். ஏரி நிரம்பினால் வண்டி இறங்காது. செடி மிதந்து வந்து மதகையும், மிகுநீர் வழியும் கலிங்கையும் அடைத்துக்கொள்ளும்.

செங்கல்பட்டுச் சீமைக்கே ஏரிகள்தான் பெருமை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம் என்ற குழு இருந்ததைச் சொல்கின்றன. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமரே கோயில் கொண்டிருக்கிறார். நம் பாட்டன்மார், ஊரே கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பினார்கள்.

இந்தச் செடி வெயில் காலத்தில் இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். பாதி எடுத்து நிறுத்துவது வீண் செலவு. செடிகளை இணைக்கும் ஓடுதண்டு அறுந்தால் ஒவ்வொன்றும் புதுச்செடியாகும். விதை சேற்றில் இருபது ஆண்டு கூடக் கிடக்கும். ஆகவே பூக்குமுன் வேரோடு வாரி, கரையின் வெளிப்பக்கம் கொட்டவேண்டும். உட்சரிவில் குவித்தால் முதல் மழையே திரும்ப ஏரிக்குள் தள்ளிவிடும். காய்ந்ததை நறுக்கிச் சாணக்கரைசல் தெளித்து அடுக்கினால் எரு. களைக்கொல்லி வேண்டாம்: மொத்தமாக அழுகும்போது நீரின் உயிர்வளி (ஆக்சிஜன்) தீர்ந்து மீன் செத்து மிதக்கும்.

செலவு: நீண்ட கை ஹிட்டாச்சி (வாரும் இயந்திரம்) 120 மணி, மணிக்கு ரூ.1,800, ஆக ரூ.2,16,000. ஆட்கள் 25 பேர், 12 நாள், கூலி ரூ.600, ஆக ரூ.1,80,000. இரண்டு டிராக்டர் ரூ.84,000. வரத்துக் கால்வாய் வாயில் மிதவைத் தடுப்பு (பிளாஸ்டிக் குழாய், நைலான் கயிறு, வலை) ரூ.45,000. மொத்தம் ரூ.5,25,000. சேர்ந்தது ரூ.3,10,000. குறைவு ரூ.2,15,000.

மீன் ஏலப் பணத்தை அப்படியே தந்த மீனவக் குடும்பங்களுக்கும், சீட்டுப் பணத்தில் பங்கு ஒதுக்கிய மகளிர் குழுக்களுக்கும், ஒரு நாள் வசூலைக் கொடுத்த ஆட்டோ நிறுத்தத் தம்பிகளுக்கும், சம்பளம் வந்த அன்றே அனுப்பிய வளைகுடாப் பிள்ளைகளுக்கும் நன்றி. ஏரிக்கரை கன்னியம்மன் அவர்கள் குடும்பத்தைக் காப்பாள். ஏரி பாயும் ஆயக்கட்டில் நிலம் வைத்திருந்தும் இன்னும் ஒரு ரூபாய் எழுதாத வீடுகள் உண்டு. உங்கள் கிணற்றில் ஊறுவதும் இந்த ஏரித் தண்ணீர்தான். கழிவுநீரைக் கால்வாயில் விடுவோர் உடனே நிறுத்துங்கள். அதுதான் செடிக்கு உரம்.

செப்டம்பர் 30-க்குள் ஊராட்சி அலுவலகத்தில் செலுத்தி ரசீது பெறுங்கள். பணம் முடியாதவர்கள், தடுப்பு கட்டியபின் மாதம் ஒரு ஞாயிறு முளைச்செடி பொறுக்க வந்தால் அதுவும் நன்கொடைதான்.