ஆமணக்கு விதை ஒட்டா இல்லையா என்பது குலை வந்த பிறகுதான் தெரிய வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விதை வாங்கினால் ரசீது கேளுங்கள், அட்டையைப் பாருங்கள் என்று உங்கள் வேளாண் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. சரி, போன ஆடியில் நான் இரண்டையும் செய்தேன். வீரிய ஒட்டு ஆமணக்கு, அதாவது தாய் ஒரு வகை தந்தை வேறு வகை என்று இனம் சேர்த்து எடுத்த விதை என்று வாங்கி விதைத்ததில் முதல் குலை வரும் சமயத்தில் பார்த்தால், பத்துக்கு மூன்று செடி உயரத்திலும் தண்டு நிறத்திலும் தனியாகத் தெரிகிறது. கடைக்காரர் மழையைக் குறை சொன்னார், மழை என்ன செய்யும்?

ஒட்டு விதை எடுக்கும் வயலில் பெண் வரிசையில் பெண் பூ மட்டும் பூக்கும் செடியை வைக்கிறார்கள். வெயில் ஏறினால் அந்தக் குலையிலேயே ஆண் பூவும் கிளம்பிவிடும். தினமும் வயலில் இறங்கி அப்படி ஆண் பூ விடும் கலவன் செடியைப் பிடுங்காவிட்டால் அது தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. ஏனென்றால் விதையின் மேல்தோல் தாய்ச்செடியுடையது. ஒட்டு விதையும் தாயின் சொந்த விதையும் ஒரே நிறம், ஒரே புள்ளி. மற்ற பல பயிர்களில் ஒட்டு விதைக்கு 95 சதவீத இனத்தூய்மை (நூறு விதையில் எத்தனை உண்மையான ஒட்டு என்ற கணக்கு) கேட்கும் சான்றளிப்பு விதி, ஆமணக்குக்கு மட்டும் 85 போதும் என்று இறங்கி வந்திருப்பதைப் பார்த்தாலே இந்தத் தொல்லை புரியும்.

விதைத்து வளர்த்துப் பார்த்துச் சோதிக்கும் முறை இருக்கிறது, தப்பில்லை. ஆனால் முடிவு வருவதற்குள் ஒரு பட்டமே போய்விடும். டிஎன்ஏ குறியீட்டுச் சோதனைக்கு முளைத்த நாற்றின் இலைத்துணுக்கு போதும். தாய்க்கும் தந்தைக்கும் நீளம் வேறுபடும் ஓர் இடத்தை டிஎன்ஏவில் பார்க்கிறார்கள், அந்த இடம்தான் குறியீடு. சோதனையில் ஒவ்வொரு நீளமும் ஒரு பட்டைக் கோடாகத் தெரியும்: உண்மையான ஒட்டு என்றால் தாய், தந்தை இருவரின் பட்டையும் தெரியும், தாய் தானாகக் காய்த்தது என்றால் ஒரு பட்டைதான். சில நாளில் முடிவு கையில். ஒரே குறியீட்டை நம்பினால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பக்கத்து வயல் மகரந்தத்திலும் தந்தையின் அதே பட்டை இருக்கலாம், அதனால் ஒவ்வொரு ரகத்துக்கும் சில குறியீடுகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இது ஒன்றும் ஆகாயத்து வித்தை இல்லை. சூரியகாந்தி ஒட்டு ரகங்களுக்கு ஐதராபாத் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிறுவனத்தார் இப்படிப்பட்ட குறியீடுகளைக் கண்டு சொல்லிப் பல வருடமாகிறது. மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே நம் ஏத்தாப்பூரில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 2009-இல் ஒய்ஆர்சிஎச் 1 ஒட்டு ரகம் அங்கிருந்துதான் வந்தது.

நான் கேட்பது இதுதான். சான்றளிப்புத் துறை சோதித்த சான்று விதையோ, விற்பவரே தன் பொறுப்பில் தரத்தை எழுதி விற்கும் உண்மை நிலை விதையோ, விதைக் குவியல் மூட்டையாகும் முன்பே குறியீட்டுச் சோதனை செய்து, எத்தனை நாற்றில் எத்தனை ஒட்டு என்று அட்டையில் அச்சடிக்கட்டும். இப்போது அட்டையில் முளைப்புத்திறன் இருக்கிறது, ஈரப்பதம் இருக்கிறது. இனத்தூய்மையை எப்படிச் சோதித்தார்கள், எப்போது சோதித்தார்கள் என்று நான் வாங்கிய அட்டையில் ஒரு வரி இல்லை.

— ஓர் ஆமணக்கு விவசாயி, ஆத்தூர் வட்டம், சேலம் மாவட்டம்