வெஸ்ட்மின்ஸ்டர் உறுப்பினர்களுக்கு, சம்பளமில்லா நாற்காலியிலிருந்து

பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கீழவையின் 650 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் உங்களில் யாராவது ஒருவர் அலுவலகத்தில் தமிழ் தெரிந்த பயிற்சி மாணவர் இருப்பார். அவருக்கும் சம்பளம் இருக்காது என்பதால் உங்களுக்குச் செலவு ஒன்றும் வராது.

நான் மதுரையிலிருந்து லண்டனுக்கு ஓராண்டு முதுகலை அரசியல் படிக்க வந்தவள். பாடத்தில் ஒரு பகுதி நாடாளுமன்றப் பயிற்சி. 2025 ஜனவரியிலிருந்து பத்து வாரம், வாரத்துக்கு மூன்று நாள், உங்களில் ஒருவருடைய அலுவலகத்தில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். யார், எந்தத் தொகுதி என்பதெல்லாம் வேண்டாம். என் புகார் அவரைப் பற்றியது இல்லை.

கற்றுக்கொண்டது நிறைய. வாக்கெடுப்பு மணி அடித்தால் எட்டே நிமிடம். அதற்குள் வாக்களிக்கும் கூடத்துக்குள் போகவில்லையென்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். கையில் பாதி கடித்த சாண்ட்விச்சோடு பெரிய பெரிய ஆட்கள் ஓடுவதைப் பார்த்த பிறகு நாடாளுமன்ற மரபு பற்றிய எந்தப் பாடமும் பழைய மாதிரி படிக்க வரவில்லை. நான் வரைவு எழுதிக் கொடுத்த ஒரு கேள்வி, நாலு சொல் மாறி, உறுப்பினரின் பெயரில் அச்சில் வந்தது. அம்மாவுக்கு அனுப்பினேன். "உன் பேர் எங்கடீ?" என்றாள்.

சரி, அதெல்லாம் படிப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐந்தாவது வாரம் கேஸ்வொர்க், அதாவது தொகுதி மக்களின் குறைகளைக் கவனிக்கும் வேலை, பார்க்கும் அக்கா விடுப்பில் போனார், போன் என் மேசைக்கு வந்தது. வீட்டுச் சுவரில் பூஞ்சணம், வராத ஓய்வூதியம், உள்துறையில் மாதக்கணக்காகத் தூங்கும் விசா விண்ணப்பம் என்று வரிசையாக அழைப்புகள். மாணவர் விசாவில் இருக்கிற நான், அடுத்தவர் விசாவுக்காக உள்துறைக்குப் பணிவாக மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஓர் அம்மா கூப்பிட்டார். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தைக் கேட்டதும், "தமிழ்ல சொல்லுங்கம்மா" என்றேன். ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு, "பிள்ளை தமிழோ? இந்தியாவோ?" என்று ஆரம்பித்து இருபது நிமிடம். கவுன்சில் அனுப்பிய கடிதம் கையில் இருந்தது, அதில் கோப்பு எண் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. "வலது பக்கம் மேல் மூலையில பாருங்கம்மா, எழுத்தும் நம்பரும் கலந்து இருக்கும்" என்றேன். ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார், நான் எழுதிக்கொண்டேன். பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருக்காமல் தன் கடிதத்தைத் தானே பேசி முடித்தது அதுதான் முதல் தடவை என்றார்.

இது படிப்பா, வேலையா?

சட்டம் என்ன சொல்கிறதென்று எனக்கும் தெரியும். இந்த நாட்டு உயர்கல்விப் படிப்பின் பகுதியாக ஓராண்டுக்குள் முடியும் பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டியதில்லை. அதனால் யாரும் சட்டத்தை மீறவில்லை. ஆனால் அந்தச் சட்டம் வந்ததே உங்கள் அவையிலிருந்துதான்.

கணக்கைப் பாருங்கள். லண்டனில் படிக்க வருகிறவர் மாதத்துக்கு 1,483 பவுண்ட் வைத்திருப்பதாகக் காட்டினால்தான் விசா என்று 2025 ஜனவரியில் உங்கள் அரசே நிர்ணயித்தது. அதே விசா, பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கவும் விடாது. வகுப்பு இரண்டு நாள், உங்களுக்கு மூன்று நாள் போக, மிச்ச மாலைகளிலும் சனி ஞாயிறிலும் ஈஸ்ட் ஹாமில் ஓர் உணவகத்தில் பில் போட்டேன். டியூப் ரயில் கட்டுப்படியாகாது. அப்போதைய கட்டணமான 1.75 பவுண்டைக் கொடுத்துப் பஸ் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பஸ்ஸில் கார்டைத் தட்டிவிட வேண்டும். தட்டிவிட்டால் இரண்டாவது பயணத்துக்குக் காசில்லை. நெரிசலில் அந்த ஒரு மணி நேரம் தப்பிய காலைகளில் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

குறைந்தபட்ச ஊதியம் அப்போது மணிக்கு 11.44 பவுண்ட். வாரம் இருபத்தோரு மணி நேரம், பத்து வாரம் என்றால் சுமார் 2,402 பவுண்ட். உங்கள் அலுவலகக் கட்டடமான போர்ட்கல்லிஸ் ஹவுஸின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நிற்கும் பன்னிரண்டு அத்தி மரங்களுக்கு வாடகையாகவும் பராமரிப்பாகவும் ஏறக்குறைய நான்கு லட்சம் பவுண்ட் போயிருந்ததாக 2012-ல் செய்தி வந்தது. அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் வீட்டிலிருந்து கொண்டுபோன புளிசாதத்தைத் தின்றேன். நிழல் நன்றாகத்தான் இருந்தது.

உங்கள் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்பது 1838-ல் சார்ட்டிஸ்டுகள் என்ற தொழிலாளர் உரிமை இயக்கத்தினர் வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்று. சம்பளம் இல்லாத அவைக்குச் சொத்துள்ளவன்தானே வருவான், உழைத்துச் சாப்பிடுகிறவன் எப்படி வருவான் என்பதுதான் அவர்கள் கேள்வி. 1911-ல்தான் ஆண்டுக்கு 400 பவுண்ட் வந்தது. 2025 ஏப்ரலில் அது 93,904 ஆனது. அதில் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. உங்களுக்காக அன்று கேட்ட கேள்வியைத்தான் பயிற்சி மாணவருக்காக இன்று கேட்கிறேன். என் வகுப்பில் இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே யோசித்துப் பின்வாங்கியவர்கள் உண்டு. அவர்களுக்கு மதிப்பெண் குறைவு என்பதால் இல்லை, வாடகை கட்ட வேண்டியிருந்தது.

ஊதியத்தோடு ஒரு பயிற்சித் திட்டத்தை 2011-ல் உங்கள் அன்றைய சபாநாயகர் தொடங்கி வைத்தார். அதனால் முடியாத காரியம் இல்லை. படிப்போடு சேர்ந்த பயிற்சியானாலும் போனை எடுத்துக் கேஸ் பார்க்கும் நாட்களுக்குக் கூலி கொடுங்கள். அது முடிவாகும்வரை பயணச் செலவையும் மதியச் சாப்பாட்டுச் செலவையும் முதல் வாரத்திலேயே கேட்டுக் கொடுங்கள். தன்னார்வலர்களின் இந்தச் செலவுகளை உங்கள் சம்பளத்தையும் செலவையும் கவனிக்கும் தனி அமைப்பான இப்சா மூலம் ஈடுகட்ட விதியில் இடம் இருக்கிறது. அது எனக்கு ஒன்பதாவது வாரத்தில்தான் தெரிய வந்தது, அதுவும் பக்கத்து அறைப் பையன் சொல்லி.

மார்ச் கடைசியில் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாவின் கேஸ் அப்போதும் முடியவில்லை. என் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருந்தாலும், கோப்பின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்: வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போயிருப்பார், மதியத்துக்கு மேல் கூப்பிடவும்.